ஓனர் பில்டர் பெர்மிட் எடுங்கன்னு சொன்னா அங்கயே உஷாராகணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

வெளிநாட்டுல வீடு கட்டுறவங்க நெறைய பேரு "லைசென்ஸ் பில்டர்னா காசு ஜாஸ்தி, நமக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருக்காரு, வேலை சுத்தமா இருக்கும்"னு பேசிக்கிறத கேட்டுட்டே இருக்கேன், அதான் எழுதணும்னு தோணுச்சு.

எங்க மச்சான் சிட்னியில வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு ரூமும் ஒரு பாத்ரூமும் சேர்த்துக் கட்டுனாரு. வந்த ஆளு நல்லாத்தான் பேசுனாரு, ரேட்டும் கம்மி, ஆனா ஒண்ணு சொன்னாரு, "நீங்க ஓனர் பில்டர் பெர்மிட் எடுத்துருங்க, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்"னு. வீட்டுக்காரரே பில்டரா இருந்து பொறுப்பு ஏத்துக்குற அனுமதிதான் இது. நம்மாளும் ஏதோ ஃபார்ம் வேலைதானேன்னு அதுக்குன்னு இருக்குற கோர்ஸ் வேற முடிச்சு பெர்மிட் வாங்கிட்டாரு. பாத்ரூம்ல வாட்டர்ப்ரூஃபிங் சரியில்லாம பக்கத்து ரூம் சுவரு ஊற ஆரம்பிச்சப்போ போன் பண்ணுனா அந்த ஆளு கூலா "பெர்மிட் உங்க பேர்லதானே சார் இருக்கு"ங்கிறாரு. பேப்பர் படி பில்டரே மச்சான்தான்!

சிட்னி இருக்குற நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துல 5,000 டாலருக்கு மேல போற வீட்டு வேலைக்கு லைசென்ஸ் கட்டாயம், 20,000 தாண்டுனா பில்டர் உங்க பேர்ல இன்சூரன்ஸ் எடுத்து சர்ட்டிபிகேட் குடுத்த பிறகுதான் பைசா கேக்கலாம், அட்வான்ஸும் 10 சதவீதத்துக்கு மேல கூடாது. பில்டர் திவாலானாலோ செத்துட்டாலோ காணாமப் போனாலோ அந்த இன்சூரன்ஸ்தான் கைகுடுக்கும். ஓனர் பில்டர் தன் பேர்ல செய்யுற வேலைக்கு அது கிடையவே கிடையாது. லைசென்ஸ் இருந்தா வேலை பிரமாதமா இருக்கும்னு நான் சொல்ல வரல, லைசென்ஸ் வச்சிட்டே சொதப்புறவங்களும் இருக்காங்க, ஆனா புகார் போனா லைசென்ஸ் போயிரும்ங்கிற பயமாவது அவருக்கு இருக்கும்ல, லைசென்ஸ் இல்லாத இந்த ஆளுக்கு இழக்க என்ன இருக்கு?

லைசென்ஸ் கார்டு காட்டுறாங்கன்னு நம்பிடாதீங்க. நம்பரை அரசாங்க வெப்சைட்ல நீங்களே அடிச்சுப் பாருங்க, காண்ட்ராக்ட்ல இருக்குற பேரும் லைசென்ஸ்ல இருக்குற பேரும் ஒண்ணுதானா, எந்த வேலைக்கு குடுத்த லைசென்ஸ்னு பாருங்க. டைல்ஸ் ஒட்டுற லைசென்ஸ வச்சு முழு வீடு கட்ட முடியாது, அடுத்தவர் லைசென்ஸ் நம்பர போட்டு கொட்டேஷன் குடுக்குறவங்களும் இருக்காங்க.

இன்னொண்ணு, ஒரு நாட்டு சட்டத்த இன்னொரு நாட்டுல எதிர்பாக்கக் கூடாது. கலிபோர்னியாவுல லைசென்ஸ் இல்லாத காண்ட்ராக்டர் பணம் கேட்டு கேஸே போட முடியாது, குடுத்த காச நீங்க திரும்பக் கேட்டு கேஸ் போடலாம். கனடா ஒன்டாரியோவுல புது வீடு கட்டி விக்க லைசென்ஸ் வேணும். இங்கிலாந்துல பாத்தா சாதா பில்டருக்கு லைசென்ஸ்னு ஒண்ணே கிடையாது, யாரு வேணா பில்டர்னு போர்டு மாட்டிக்கலாம், எரிவாயு லைன் மாதிரி சில வேலைக்குத்தான் அதுக்குன்னு இருக்குற ரிஜிஸ்டர்ல பேரு இருக்கணும். அங்க வாரண்டி, காண்ட்ராக்ட், பழைய வேலையெல்லாம் நீங்கதான் நோண்டிப் பாக்கணும்.

மச்சான் வீட்ட வித்துட்டுப் போயிரலாம்னு கூட யோசிச்சாரு. பெர்மிட் வாங்கி ஏழரை வருஷத்துக்குள்ள வித்தா, இது ஓனர் பில்டர் கட்டுனது, இன்சூரன்ஸ் இல்லன்னு விக்கிற காண்ட்ராக்ட்லயே எழுதிக் குடுக்கணுமாம். ஏழரைதான், வேற என்ன சொல்றது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்