ஈற்றா கரினே அணையேல்லை

மச்சான்,

வீட்டில எல்லாரும் சுகம். நீ அனுப்பின தைலத்தால அம்மான்ர முழங்கால் நோ குறைஞ்சிட்டுது. மற்றப் புதினமெல்லாம் போனில கதைப்பம். இதை எழுதத்தான் வேணும்.

முந்தநாள் பின்னேரம் நல்ல மழை. இரவு வானம் வெளிச்சிட்டுது. வெள்ளவத்தையில தண்டவாளத்துக்கு அங்கால, கல்லில இருந்துகொண்டு உன்ர பைனாகுலரால ஈற்றா கரினே நட்சத்திரத்தைப் பிடிச்சிட்டன்! (பைனாகுலரைத் திருப்பிக் கேளாதை.) கல்கிசைப் பக்க வெளிச்சத்துக்கு மேல, தென்சிலுவைக்கு வலப்பக்கம், சின்னச் செம்மஞ்சள் புள்ளி. கை நடுங்காமல் பிடிக்க முழங்கையை முழங்காலில ஊண்டவேண்டியிருந்தது.

சேரோட நீ ஒரு தவணை முழுக்கச் சண்டை பிடிச்ச அதே நட்சத்திரம்தான். "வெடிச்சுது, அணைஞ்சுது, விசயம் முடிஞ்சுது" எண்டனி. உன்ர கட்சி தோத்துப்போச்சு, மச்சான்.

அது வெடிச்ச காலத்தில, 1843இல, இரவு வானத்தில ஆகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸுக்கு அடுத்த பிரகாசம் அதுக்குத்தான். முப்பது வருசம் போறதுக்குள்ள வெறுங்கண்ணுக்கே தெரியாமல் போட்டுது. ஆனா 1968இல நொய்கெபவர், வெஸ்ட்ஃபால் எண்ட ரெண்டு வானியலாளர்கள் அகச்சிவப்பில, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரில, அளந்து பார்த்தா, 20 மைக்ரோன் அலைநீளத்தில சூரியக் குடும்பத்துக்கு வெளியில அதைவிடப் பிரகாசமா ஒண்டுமே இல்லை! வெடிப்பில வீசுப்பட்ட வாயு தூரம் போகப் போகக் குளிருது. 1,500 கெல்வின் அளவுக்கு இறங்கினதும் அணுக்கள் ஒட்டித் துகளாகுது. அந்தத் தூசிதான் கண்ணுக்குத் தெரியிற ஒளியை விழுங்கி, சூடாகி, வெப்பமா வெளியில விடுது. நட்சத்திரம் உள்ளுக்கு எரிஞ்சுகொண்டுதான் இருக்கு.

தூசி உண்டாகிற நேரத்திலயே கையும் களவுமாப் பிடிச்சது 1970இல, எஃப்.எச். சேர்ப்பன்டிஸ் எண்ட நோவாவில (நோவா எண்டா திடீரெண்டு வெடிச்சுப் பிரகாசமாகிற இன்னொரு வகை நட்சத்திரம்). கண்ணுக்குத் தெரியிற ஒளி விழ விழ அகச்சிவப்பு ஏறினது. ரெண்டையும் கூட்டினா கிட்டத்தட்ட அதே தொகை. அந்த வரைபை நான் எத்தினை தரம் பார்த்தாலும் அலுக்கேல்லை. ஒளி எங்கயும் தொலையேல்லை, பார்!

கொழும்பில இருந்து இதை அளக்கேலாது எண்டதுதான் எனக்குக் கவலை. எங்கட காத்தில இருக்கிற நீராவி அகச்சிவப்பில பெரும்பகுதியைக் குடிச்சிடும்; போதாததுக்கு அந்த அலைநீளத்தில சூடான காத்தே ஒளிரும். அதுக்காகத்தான் வறண்ட மலை உச்சியளுக்குப் போறாங்கள், ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியைப் பூமியில இருந்து 15 லட்சம் கிலோமீற்றருக்கு அப்பால நிப்பாட்டி வச்சிருக்கிறாங்கள். இங்க டியூசனுக்கு வாற பிள்ளையளுக்கு இதை எப்பிடிக் காட்டுறது? அவையளும் "அணைஞ்சிட்டுது" எண்டுதான் எழுதுவினம்.

சேருக்கு உடம்பு சரியில்லை. வலப்பக்கம் இயக்கம் குறைவு, கதையும் தெளிவில்லை. ஆனா சொல்றது எல்லாம் விளங்குது; போன கிழமை போனப்போ முதலில உன்னைத்தான் கேட்டார். நட்சத்திரத்தைப் பற்றி நான் இன்னும் வாய் திறக்கேல்லை. ஓகஸ்டுக்கு வைக்காமல் கெதியா வாடா. தோத்தவன் நீ, அவரிட்ட நீதான் சொல்லவேணும்.

அன்புடன்,
உன்ர மச்சான்