பதினாறு ஒன்பதுகள்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். பேப்பர் படிக்காமல் அவரால் இருக்க முடியாது, கொஞ்ச நாள் நீயே வாசித்துக் காட்டு.

இங்கே எல்லோரும் நலம். மகள் எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். நீள்வகுத்தலில் வர்க்கமூலம் போட்டுக்கொண்டிருந்தவள், "கம்ப்யூட்டர் இதை எப்படிப்பா போடும்?" என்று ஒரு நாள் கேட்டாள். அந்தக் கேள்விக்காகப் பைதான் என்ற நிரல் மொழியில் எழுதத் தொடங்கியதுதான் இப்போது ஒரு சின்ன லைப்ரரியாக, அதாவது மற்றவர்களும் தங்கள் நிரலில் எடுத்துப் பயன்படுத்தும் தொகுப்பாக, நிற்கிறது. மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி), மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு), பகா எண் சோதனை, முழு எண் வர்க்கமூலம், அவ்வளவுதான். ஆனால் இரண்டு மாதத்து மாலைப்பொழுதுகள் அதற்குப் போயின.

வர்க்கமூலத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். முதலில் சுலபமான வழியைப் பிடித்தேன். பைதானிலேயே இருக்கும் வர்க்கமூல ஃபங்ஷனை (எண்ணைக் கொடுத்தால் விடை தரும் சின்ன நிரல்) கூப்பிட்டு, வருவதில் தசமப் பகுதியை வெட்டிவிடுவது. விடை சரிதானா என்று தானாகச் சோதிக்க 0, 1, 16, 17, 99, 100 என்று டெஸ்ட் எழுதினேன். எல்லாம் பாஸ். பெரிய எண்களுக்கு விடை தெரியாததால், என் ஃபங்ஷனையே ஓட்டி, வந்த விடையை எடுத்து டெஸ்ட்டில் ஒட்டினேன். அன்றிரவு படுத்த பிறகு அது உறுத்தியது. பையன் எழுதிய விடைத்தாளைப் பார்த்தே விடைக்குறிப்பு தயாரித்து, அதை வைத்தே அவன் தாளைத் திருத்துகிற மாதிரி அல்லவா இது?

எழுந்து உட்கார்ந்து, முழு எண் வர்க்கமூலம் என்றால் என்ன என்று தாளில் எழுதிப் பார்த்தேன். விடையின் வர்க்கம் கொடுத்த எண்ணைத் தாண்டக் கூடாது. விடையோடு ஒன்று கூட்டி வர்க்கம் எடுத்தால் தாண்டியாக வேண்டும். இந்த இரண்டு வரியையே டெஸ்ட்டாக வைத்து, எண்களைத் தேடித் தரும் வேலையை ஹைபாதெசிஸ் என்ற கருவியிடம் விட்டேன். நாம் சொல்லும் விதியை உடைக்கிற எண் கிடைக்கிறதா என்று அது விதவிதமான எண்களைப் போட்டுப் பார்க்கும். என் ஃபங்ஷன் உடனே விழுந்தது.

உனக்குச் சொல்ல வசதியாக ஒரு எண்: வரிசையாகப் பதினாறு ஒன்பது. அதாவது 10,00,00,000-இன் வர்க்கத்துக்கு ஒன்று குறைவு. சரியான விடை 9,99,99,999. என் ஃபங்ஷன் 10,00,00,000 என்றது. காரணம், அந்த வர்க்கமூலம் முழு எண்ணை முதலில் ஃப்ளோட்டாக, அதாவது கம்ப்யூட்டர் தசம எண்களை வைத்துக்கொள்ளும் வடிவத்துக்கு, மாற்றிக்கொள்கிறது. ஃப்ளோட்டில் எண்ணின் இலக்கங்களுக்கு 53 பிட்தான் இடம். 2-இன் 53-ஆம் அடுக்கான 9,007,199,254,740,992-ஐத் தாண்டியதும் ஒற்றைப்படை எண்களுக்கு அங்கே இடமில்லை. ஆகவே பதினாறு ஒன்பதும் 1-க்குப் பின் பதினாறு சைபராக ஆன பிறகே மூலம் எடுக்கும் வேலை தொடங்குகிறது. ஒன்றுதானே வித்தியாசம் என்று விட எனக்கு மனமில்லை. இதை நம்பி இன்னொருவர் மேலே கட்டப் போகிறாரே.

பிறகு ஃப்ளோட்டைத் தொடாமல் எழுதினேன். ஒரு எண்ணை ஊகித்துக்கொள், கொடுத்த எண்ணை அதால் வகு, இரண்டின் சராசரியை அடுத்த ஊகமாக எடு. ஹெரோன் முறை என்பார்கள். மகளுக்குக் காட்ட 2-இன் வர்க்கமூலத்தை இப்படியே பின்னத்தில் போட்டேன். ஒன்றில் தொடங்கினால் 3/2, அடுத்து 17/12, அடுத்து 577/408. அந்த மூன்றாவதைப் பார்த்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது. வேள்வி மேடை அமைக்கும் அளவுகளைச் சொல்லும் பழைய நூலான பௌதாயனரின் சுல்ப சூத்திரம், சதுரத்தின் பக்கம் ஒன்று என்றால் மூலைவிட்டத்துக்கு (அதுதானே 2-இன் வர்க்கமூலம்) ஒன்றோடு மூன்றில் ஒரு பங்கு, பன்னிரண்டில் ஒரு பங்கு கூட்டி, 408-இல் ஒரு பங்கைக் கழிக்கச் சொல்கிறது. கூட்டிக் கழித்துப் பார், அதே 577/408! 577-இன் வர்க்கம் 332929. 408-இன் வர்க்கத்தை இரட்டித்தால் 332928. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். பின்னத்துக்கும் ஒரு ஃபங்ஷன் சேர்த்து, இதையும் ஒரு டெஸ்ட்டாகப் போட்டுவிட்டேன். மகள் அதை மட்டும் தானே தட்டச்சு செய்தாள்.

பைதான் 3.8-லிருந்து முழு எண் வர்க்கமூலம் அதிலேயே இருக்கிறது, பிறகு இது எதற்கு என்று நீ கேட்பாய். பிள்ளைகள் திறந்து வாசித்து, வரிக்கு வரி புரிந்துகொள்ளும்படி ஒன்று வேண்டும். அதற்காகத்தான்.

1 பகா எண் அல்ல, 0-க்கும் 0-க்கும் மீ.பொ.ம. கேட்டால் பூஜ்யத்தால் வகுத்துவிடக் கூடாது என்பது போன்றவை சீக்கிரம் சரியாயின.

மற்றவர்கள் நிறுவிக்கொள்ளும்படி பேக்கேஜ் செய்வதில்தான் இன்னொரு அடி. பைதான் நிரல்களை மூட்டையாகக் கட்டும் வீல் ஃபைலாகக் கட்டி, கூட வேலை பார்ப்பவரிடம் கொடுத்தேன். அவர் மெஷினில் ஓட்டியபோது பகா எண் மாட்யூலே (அந்தப் பகுதியின் கோப்பே) இல்லை என்றது. என்னிடம் எல்லா டெஸ்ட்டும் பாஸ்! வீல் என்பது ஒரு ஜிப் ஃபைல்தான். பிரித்துப் பார்த்தேன், உள்ஃபோல்டர் நிஜமாகவே இல்லை. எதையெதைக் கட்ட வேண்டும் என்ற பட்டியலில் மேல் ஃபோல்டர் பெயரை மட்டும் எழுதியிருந்தேன், உள்ளிருப்பது தானாக வரும் என்று நினைத்து. நான் டெஸ்ட் ஓட்டியதோ புராஜெக்ட் ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு. பைதான் பக்கத்திலிருந்த மூலக் கோப்புகளையே எடுத்துக்கொண்டது. கட்டிய மூட்டையை நான் ஒரு தடவைகூடச் சோதிக்கவில்லை.

டெஸ்ட் ஓடும்போது பக்கத்தில் அகப்படாதபடி இப்போது நிரல் முழுவதையும் தனி ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் (மற்றதோடு கலக்காத தனி பைதான் இடம்) போட்டு, வீலை அதில் நிறுவி, அங்கேதான் டெஸ்ட் ஓடுகிறது. பைதான் லைப்ரரிகளை எல்லோரும் இறக்கிக்கொள்ளும் பொதுத் தளமான பைபிஐ-யில் இன்னும் ஏற்றவில்லை. அங்கே ஒரு ஃபைலை ஏற்றிவிட்டு அழித்தாலும் அதே பெயரில் மறுபடி ஏற்ற முடியாது. திருத்தம் என்றால் அடுத்த வெர்ஷன் எண்தான். அதனால் முதலில் அதன் ஒத்திகைத் தளமான டெஸ்ட்பைபிஐ-யில் வைத்திருக்கிறேன்.

0.1.0 என்று போட்ட வீலை உனக்கு மெயிலில் அனுப்புகிறேன். உன் பழைய விண்டோஸ் லேப்டாப்பில் நிறுவிப் பார். நான் லினக்ஸில் மட்டுமே ஓட்டியிருக்கிறேன். ஏதாவது பிழை வந்தால் திரையில் வருவதை ஒரு எழுத்து விடாமல் அப்படியே அனுப்பு. ஹாஸ்டலில் என் கணக்கு நோட்டை வரி வரியாகத் திருத்தினாயே, அதே மாதிரி பார்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் பழைய அறைத்தோழன்