தம்பி, இனி பாப்பா உன் காரில் வரமாட்டாள்

அன்புள்ள தம்பிக்கு,

திங்கட்கிழமைதோறும் என் மகள் பாப்பாவைக் கோவையில் கல்லூரி விடுதி வாசலில் இறக்கிவிடுவதாக நீ சொன்னதற்கு அவளே போனில் மறுப்புச் சொன்னாள். சொல்லச் சொன்னவள் நான். தூக்கி வளர்த்த பிள்ளையின் வாயால் அதைக் கேட்டது உனக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும், அதற்காக வருந்துகிறேன். ஆனால் நான் சொல்லியிருந்தால் நீ சிரித்துப் பேச்சை மாற்றிவிட்டு, திங்கட்கிழமை விடிவதற்குள் வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பாய். அதனால்தான் அவளைப் பேச வைத்தேன்.

இதை ஊரறிய எழுதுவதற்கும் காரணம் உண்டு. நேரில் பேசினால் அது அக்கா தம்பி சண்டையாக முடிகிறது. எழுதி வைத்தால் கோபம் ஆறிய பிறகு ஒருமுறையாவது முழுவதும் படிப்பாய். உன்னைப் போலவே ஓட்டுகிற தம்பிகள் காங்கேயத்திலும் பல்லடத்திலும் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்களுடைய அக்காமாருக்கும் இது பயன்படட்டும். உன் மாமனார் வீட்டாரும் இதைப் படிப்பார்கள் என்பதால் சில இடங்களில் நிறுத்திக்கொள்கிறேன். எங்கே, எதற்காக நிறுத்தினேன் என்பது உனக்குப் புரியும்.

முதலில் அப்பாவின் விஷயம், ஏனெனில் எதைச் சொன்னாலும் நம் வீட்டில் பேச்சு அங்கேதான் வந்து நிற்கிறது. நெஞ்சுவலியோடு அவரைத் தாராபுரத்திலிருந்து கோவைக்குக் கொண்டுபோன இரவில் அவர் தலை என் மடியில் இருந்தது. பல்லடம் தாண்டும் வரைக்கும் நீ திரும்பாமலேயே, "அக்கா, மூச்சு இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினாய். அந்தக் குரலை என் ஆயுள் உள்ளவரை மறக்கமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு நீ ஓட்டிய ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அந்த இரவே நியாயமாகிவிட்டது. கணக்கைப் பார். தாராபுரத்திலிருந்து கோவை ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். 80 வேகத்தில் போனால் ஒரு மணி நேரம், 100 வேகத்தில் போனால் 48 நிமிடம். மிச்சம் 12 நிமிடம். அதுவும் குண்டடத்திலும் பல்லடத்திலும் சூலூரிலும் ஒரு சிக்னலோ ஒரு ஆட்டு மந்தையோ குறுக்கே வராமல் இருந்தால்தான். உயிருக்குப் போராடுகிறவருக்கு அந்த 12 நிமிடம் பெரிது. வியாபாரத்துக்கு நூல் சாம்பிள் காட்டப் போகிற நாளில் அந்த 12 நிமிடத்தை வைத்துக்கொண்டு நீ என்ன செய்கிறாய்? ஆக்சிஜனோடும் பயிற்சி பெற்ற ஆளோடும் வருகிற 108 வண்டியைத்தான் அடுத்த முறை அழைக்கப் போகிறேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அது உன் மேலுள்ள அவநம்பிக்கையால் அல்ல. ஓட்டுகிற மகனின் கண் சாலையில் இருக்குமே தவிர, மனம் பின் இருக்கையில் இருக்கும்.

ஊதியூரைத் தாண்டிய அந்த மேட்டைப் பற்றி நீயும் நானும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. வருகிற தைப்பூசத்தோடு ஓராண்டு ஆகிறது.

உனக்கு நினைவில் இருப்பது லாரியும் எதிரே வந்த பேருந்தும்தான் என்று நினைக்கிறேன். எனக்கு நினைவில் இருப்பது வேறு. கொப்பரை ஏற்றிய அந்த லாரியின் தார்ப்பாய் ஒரு முனையில் அவிழ்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அதன் வலப்பக்க இண்டிகேட்டர் மினுக்கியது. "வழி விடறான்" என்று சொல்லி நீ லாரியைத் தாண்ட ஏறினாய். அப்பா "இரு" என்றார். அவருக்கு முன்னால் பிரேக் எதுவும் கிடையாது, இருந்தாலும் அவருடைய வலது கால் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டு நின்றதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். மேட்டின் உச்சியில் பேருந்தின் இரண்டு விளக்குகள் எழுந்தன. நீ மேலும் மிதித்து, லாரியின் முகப்பை உரசுகிற மாதிரி இடப்பக்கம் வெட்டி நுழைந்தாய். கார் தார்ச்சாலையை விட்டு மண்ணில் இறங்கியது. அந்த மண்ணில்தான் பழனிக்கு நடந்துபோகிறவர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நீ பிரேக்கை மிதித்து நின்றபோது ஒரு அம்மா கிளுவை வேலியோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். பச்சைச் சேலை. தோள் பையில் ஒட்டியிருந்த சிவப்புப் பட்டை நம் கார் விளக்கில் பளபளத்தது. முள் அவர் கையைக் கீறியிருந்தது. அவர் நம்மைத் திட்டவில்லை. பக்கத்தில் இருந்த சிறுவனின் தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறப்பதற்குள் நீ காரை எடுத்துவிட்டாய். காங்கேயத்துக்காரரோ ஈரோட்டுக்காரரோ, அந்த அம்மா யாரென்று நமக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்க இனி வழியும் இல்லை.

"ஒண்ணும் ஆகுலீல்ல, அப்பறமென்னக்கா?" என்றாய். வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா உன் கை சுத்தத்தைப் பாராட்டினார். ஸ்கூட்டியில் நாற்பதைத் தாண்டாமல் போகிற என்னைப் பார்த்து வருடக்கணக்கில் சிரித்த அதே வீடு அது. ஒரு பெண் அப்படி ஓட்டி நடைபயணிகளின் நடுவில் இறங்கியிருந்தால் அன்றைக்கே சாவியைப் பிடுங்கி வைத்திருப்பார்கள். நீ செய்தால் அதற்குத் திறமை என்று பெயர். இந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை, அடங்கிவிட்டது போல எழுதவும் மாட்டேன்.

உன் திறமையை நான் மறுக்கவில்லை தம்பி. அது வேலை செய்வதற்கான தூரத்தை நீ சாலையில் விட்டுவைப்பதில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. லாரி 60 வேகத்தில் போகிறது, நீ 80 வேகத்தில் அதைத் தாண்டுகிறாய் என்று வைத்துக்கொள். பின்னாலிருந்து விலகி, அதன் நீளத்தைக் கடந்து, முன்னால் பத்திரமான இடைவெளி விட்டு உள்ளே வருவதற்கு லாரியைவிட ஐம்பது மீட்டராவது நீ கூடுதலாக ஓடியிருக்க வேண்டும். அதற்கு ஒன்பது விநாடி ஆகும். அந்த ஒன்பது விநாடியில் நீ 200 மீட்டர் போயிருப்பாய்; எதிரே 80 வேகத்தில் வருகிற பேருந்தும் 200 மீட்டர் வந்திருக்கும். அப்படியானால் ஏறுகிற நொடியில் உனக்கு முன்னால் 400 மீட்டர் வெற்றுச்சாலை கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேட்டுக்குக் கீழே நின்றுகொண்டு அதை யார் பார்க்க முடியும்? கரும்பு ஏற்றிய டிராக்டர் பின்விளக்கு இல்லாமல் போகிற நம் சாலைகளில் இரவு நேரத்தில் எதை நம்பி ஏறுவது?

வடக்கே லாரி ஓட்டிய அப்பா இதை உனக்குக் கணக்காகச் சொல்லவில்லை, ஆனால் சொன்னார்: "இண்டிகேட்டரை நம்பி ஏறாத, ரோட்டைப் பாத்து ஏறு." வலப்பக்க இண்டிகேட்டரைச் சிலர் வா என்பதற்குப் போடுகிறார்கள், சிலர் வராதே என்பதற்குப் போடுகிறார்கள், சிலர் உண்மையிலேயே வலப்பக்கம் திரும்பப் போகிறார்கள். மூன்றில் எது என்பது தார்ப்பாய்க்குப் பின்னால் இருக்கிற உனக்குத் தெரியாது. வேகத்தின் கணக்கும் அப்படித்தான். 50 வேகத்தில் ஆபத்தைக் கண்டு முழுவதும் நிற்க ஏறக்குறைய 35 மீட்டர் போதும். 100 வேகத்தில் ஏறக்குறைய நூறு மீட்டர் வேண்டும். அதில் நாற்பது மீட்டர், கால் பிரேக்குக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே ஓடிப்போய்விடும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது. எந்தக் கை சுத்தமும் அதைக் குறைக்காது.

இன்னொன்றையும் அன்று பார்த்தேன். பாப்பாவின் மடியில் இருந்த தூக்குப்போசி, பாதிப் புளிச்சோற்றோடு, இரண்டு இருக்கைக்கும் நடுவே பறந்துபோய் முன்பலகையில் மோதி நசுங்கியது. பாப்பாவும் அதே போலப் பறந்திருக்க வேண்டியவள்தான், நான் வற்புறுத்தியதால் பெல்ட் போட்டிருந்தாள், நீயோ "பின்னால எதுக்கு?" என்று கேட்டிருந்தாய். டாடா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தில் பால்கர் அருகே விபத்தில் இறந்தார். அந்தக் காரின் முன் இருக்கையில் இருந்த இருவரும் பிழைத்தார்கள்; பெல்ட் போடாமல் பின்னால் இருந்த அவரும் இன்னொருவரும் பிழைக்கவில்லை. பின் இருக்கைக்கும் பெல்ட் கட்டாயம் என்பது சட்டம், போடாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம். உன் காரில் பின் பெல்ட்டின் கொக்கிகள் இப்போது இருக்கை உறைக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. அந்த உறையைக் கழற்று.

கல்யாண மண்டபங்களில் இரவுப் பந்திக்குப் பிறகு நடப்பதைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். சட்டத்தை மட்டும் சொல்கிறேன்: நூறு மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம், முதல் முறைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதை ஒட்டி, நீ தயங்காமல் ஒப்புக்கொள்ளக்கூடிய இன்னொன்று இருக்கிறது. பதினேழு மணி நேரம் தொடர்ந்து கண் விழித்திருப்பவருடைய கவனம், நூறு மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவருடைய கவனத்தின் அளவுக்குத் தளர்ந்துபோகிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு எழுந்து, திருப்பூரில் சரக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, இரவு இரண்டு மணிக்கு வண்டியை எடுக்கிறாயே, அப்போது நீ ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமலேயே அந்த நிலையைத் தாண்டியிருக்கிறாய்.

2020 பிப்ரவரி 20 அன்று அதிகாலையில் அவிநாசி அருகே நடந்ததை நாம் இருவரும் டிவியில் பார்த்தோம். டைல்ஸ் ஏற்றிய கண்டெய்னர் லாரி நடுத்திட்டைத் தாண்டி வந்து, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போன கேரள அரசுப் பேருந்தில் மோதியதில் 19 பேர் இறந்தார்கள். லாரி ஓட்டுநர் கண்ணயர்ந்துவிட்டார் என்றே அப்போது சொல்லப்பட்டது. ஆறு வழிச் சாலையும் நடுத்திட்டும் இருந்த இடத்திலேயே அப்படி. கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாட்டைச் சத்தமாக வைப்பது தூக்கத்தைப் போக்காது, சாமி. ஒரு டீயோ காபியோ குடித்துவிட்டு, வெளிச்சமுள்ள ஒரு பெட்ரோல் பங்கில் ஓரங்கட்டி இருபது நிமிடம் தூங்கி எழு. அதற்கும் மேல் கண் எரிந்தால் திருப்பூரிலேயே படுத்துக்கொள். அதற்காக உன்னை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பதற்கு நான் பொறுப்பு.

போனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 80 வேகத்தில் ஐந்து விநாடி திரையைப் பார்த்தால் நூற்றுப் பத்து மீட்டர் பார்க்காமல் ஓட்டியிருக்கிறாய் என்று அர்த்தம். காதில் ப்ளூடூத் மாட்டிக்கொண்டால் கை மட்டும்தான் சும்மா இருக்கிறது. மனம் நூல் விலையில்தான் இருக்கிறது.

உன் கல்யாணத்தில் அக்காவுக்குரிய சீரைச் செய்கிற இணைச்சீர்க்காரியாக நின்றவள் நான். பாப்பாவின் கல்யாணத்தில் தாய்மாமன் சீரோடு நீ வந்து நிற்க வேண்டும் என்பதைத் தவிர உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை. அதற்கு நீயும் இருக்க வேண்டும், அவளும் இருக்க வேண்டும். இப்படி வெளிப்படையாக எழுதியது தவறென்று நீ நினைத்தால் நினைத்துக்கொள், கடிதத்தை நீக்கமாட்டேன்.

வியாழக்கிழமை அப்பாவைப் பரிசோதனைக்குக் கோவைக்கு அழைத்துப் போக வேண்டும். உன் காரிலேயே போகலாம். நான் முன்னால் உட்காருகிறேன், அப்பா பின்னால் பெல்ட் போட்டு உட்காருவார், உன் போன் என் பையில் இருக்கும். எண்பதைத் தாண்டினாலோ, மேட்டிலும் வளைவிலும் முன்னால் போகிற வண்டியைத் தாண்ட ஏறினாலோ பல்லடத்தில் இறங்கி நாங்கள் இருவரும் பேருந்தில் போய்விடுவோம். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், அவர் சரி என்றார். பாப்பாவின் திங்கட்கிழமையைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம். மருத்துவர் பார்ப்பது பத்து மணிக்கு. பொறுமையாகப் போவதற்கு ஏற்றபடி ஏழு மணிக்கே வந்துவிடு.

அன்புடன்,
அக்கா