நோகாத பாதத்தையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல் நானும் கணவரும் கோணேசர் கோயிலுக்குப் போயிருந்தோம். வெயிலில் காய்ந்த தரையில் கால் வைக்க முடியாமல் நான் நிழலுக்கு ஓடினேன். அவர் ஆறுதலாக நடந்து வந்தார். “சுடவில்லையா?” என்று கேட்டேன். “இல்லையே” என்றார். மறுநாள் காலை படுக்கை விரிப்பில் ஈரத்தைக் கண்டு அவருடைய பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் கொப்புளம் உடைந்து, தோல் சுருண்டு கிடந்தது. அப்போதும் அவருக்கு நோவில்லை.

அவருக்கு 14 வருடமாகச் சீனி வருத்தம். மாதம் தவறாமல் கிளினிக் போகிறார். இரத்தம் எடுக்கிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள், குளிசை தருகிறார்கள். செருப்பைக் கழற்றுங்கள் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

நரம்பு மின்கம்பியைப் போன்றது என்று வகுப்பில் பலமுறை சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த உவமை போதாது. கம்பிக்கு உயிரில்லை, நரம்பிழைக்கு உண்டு. ஓய்வில் அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் தாழ்ந்து நிற்கும். சூடு பட்டால் நுண்ணிய வாயில்கள் திறந்து நேர்மின் கொண்ட சோடியத் துணிக்கைகள் (அயன்கள்) உள்ளே பாய்கின்றன. ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு அந்த இடம் நேர்மின்னாகி, பக்கத்து வாயில்களையும் திறந்துவிடுகிறது. செய்தி நகர்வது இப்படித்தான். கணவாயின் தடித்த நரம்பிழையில் ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற விஞ்ஞானிகள் இதை அளந்து 1952 இல் வெளியிட்டார்கள் என்றதும், மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கால்விரலிலிருந்து முள்ளந்தண்டு வரை போவது ஒரே கலத்தின் இழை. நீளம் ஏறக்குறைய ஒரு மீற்றர். கலத்தின் உடலோ முள்ளந்தண்டின் அருகில் இருக்கிறது. இழையைப் பேணும் புரதங்கள் அங்கே உருவாகி, விரல் நுனி வரை பயணப்பட வேண்டும். இரத்தத்தில் சீனி வருடக்கணக்கில் கூடி நின்றால் இழையும் பழுதாகிறது, அதற்கு இரத்தம் கொடுக்கும் நுண்குழாய்களும் பழுதாகின்றன. மிக நீண்ட இழைகளுக்கே முதலில் கேடு வருகிறது. விறைப்பு கால்விரலில் தொடங்குவது அதனால்தான். ‘நோகவில்லை, சின்னக் காயம்தான்’ என்று விட்டு, காலையே இழந்தவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள்.

பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று சோதிப்பது பெரிய காரியமல்ல. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, கண்ணை மூடியிருப்பவரிடம் தெரிகிறதா என்று கேட்பதுதான். சில நிமிடங்கள் போதும். சீனி வருத்தக்காரர் ஒவ்வொருவருக்கும் வருடத்தில் ஒரு தடவையாவது எல்லாக் கிளினிக்குகளிலும் இதைச் செய்ய உரியவர்கள் ஒழுங்கு செய்ய வேண்டும். வீட்டில் இருப்பவர்களும் தினமும் விரலிடுக்கு வரை பார்க்க வேண்டும். கோயில் வீதியில் நண்பகலில் அவர்களை வெறுங்காலுடன் நடக்க விடாதீர்கள்.

என் கணவரின் புண் ஆறி வருகிறது. நான் மருந்து கட்டும்போது அவர் காலை நீட்டியபடி உங்கள் பத்திரிகையை வாசித்துக்கொண்டிருக்கிறார்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.