பனிச்சாலையில் எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு

வணக்கம்.

உங்கள் முகம் எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் உங்கள் ஹெட்லைட்தான். பனி கொட்டிய மறுநாள், விடிந்தும் விடியாத நேரத்தில், அந்த இரண்டு விளக்குகள் என் கண்ணாடி முழுக்க நிறைந்து வரும். கொஞ்ச நேரத்தில் அவை என் வண்டியின் பின்பக்க விளிம்புக்குக் கீழே இறங்கி மறைந்துபோகும். அவ்வளவு நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். பிறகு விளக்கை மின்னவிடுவீர்கள். சில நாள் ஹார்னும் கேட்கும். நான் 40 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருப்பேன்; சாலையோரப் பலகையில் 60 என்று இருக்கும். உங்களுக்கு ஆத்திரம் வருவது எனக்குப் புரியாமல் இல்லை. இறங்கி வந்து பேசிக்கொள்ள வழியில்லாத இடத்தில் இருக்கிறோம் என்பதால் எழுதுகிறேன்.

சில குளிர்காலங்களுக்கு முன்பு ஒரு காலையில் நான் உங்களுக்குப் பணிந்துபோனேன். நீண்ட இறக்கம், அதன் அடியில் ஒரு சின்னப் பாலம். பின்னால் ஒரு வண்டி ஒட்டிக்கொண்டே வந்தது. அத்தனை நேரமும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்த என் கண், கண்ணாடிக்குப் போய்ப் போய் வந்தது. ஒருவரை மறித்துக்கொண்டு போகிறோமே என்று கூச்சமாகவும் இருந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். 40, 55 ஆனது. பாலத்தில் ஏறியதும் டயர் சத்தம் நின்றுபோயிற்று. ஈரச் சாலையில் உருளும்போது சர்ரென்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்குமே, அது திடீரென்று இல்லை. கையில் ஸ்டியரிங் கனமே இல்லாமல் ஆகிவிட்டது. அந்த அமைதியை நான் இன்னும் மறக்கவில்லை. அடுத்த நொடி பின்பக்கம் இடதுபுறமாக இழுத்துக்கொண்டு போனது. வண்டி பாதி சுற்றி, பாலம் முடிகிற இடத்தில் ஒதுக்கிவைத்திருந்த பனிக்குவியலில் புதைந்து நின்றது. பின்னால் வந்த வண்டி என்னை ஒரு முழ இடைவெளியில் உரசாமல் கடந்து, வெகுதூரம் வழுக்கிப் போய் நின்றது.

அதை ஓட்டி வந்தவர் இறங்கி ஓடிவந்தார். பாதி வழியில் அவரே வழுக்கி விழுந்து எழுந்தார். அடிபட்டதா என்று கேட்கும்போது அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. மீட்பு வண்டி வரும்வரை முக்கால் மணி நேரம் அந்தக் குளிரில் என் கூடவே நின்றார். நல்ல மனிதர். பின்னால் நெருக்கி வருகிறவர்கள் இரக்கமற்றவர்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. முன்னால் போகிறவருக்கு என்ன நடக்கிறது என்று பின்னாலிருந்து பார்த்தால் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பாலத்தில் நடந்தது எனக்குப் பிறகுதான் விளங்கியது. தரையில் கிடக்கும் சாலைக்கு அடியில் மண்ணின் சூடு கொஞ்சமாவது இருக்கும். பாலத்துக்கு மேலும் கீழும் குளிர்காற்றுதான். அதனால் மற்ற இடம் வெறும் ஈரமாக இருக்கும்போதே பாலம் உறைந்துவிடும். அந்தப் பனிக்கட்டி கண்ணாடி மாதிரி மெல்லியது; அடியில் இருக்கும் தார் அப்படியே தெரிவதால் கறுப்பாக, நனைந்த சாலை போலவே இருக்கும். முன்னால் போகும் வண்டியின் சக்கரத்திலிருந்து தண்ணீர் தெறிக்கிறதா என்று நான் பார்ப்பது இதற்காகத்தான். சாலை பளபளக்கிறது, ஆனால் தெறிக்கவில்லை என்றால் அது தண்ணீர் இல்லை. கடுங்குளிர் நாளைவிட, வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டி நிற்கும் நாள்தான் எனக்குப் பயம். பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் படர்ந்து, அது இன்னும் வழுக்கும்.

உப்புத்தான் போட்டிருக்கிறார்களே என்று கேட்கலாம். போடுகிறார்கள், பெரிய உதவிதான். ஆனால் குளிர் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண உப்பு வேலை செய்யத் திணறும். பனி விடாமல் கொட்டினால் போட்ட உப்பு நீர்த்துப்போகும்.

ஒரு கணக்கை மட்டும் பொறுமையாகப் பாருங்கள். காய்ந்த தாரில் டயரின் பிடிமானம் 0.7 என்று வைத்துக்கொண்டால், இறுகிய பனியில் அது 0.2 அளவுக்கு இறங்கும். வெறும் பனிக்கட்டியில் 0.1. 50 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை அழுத்தினால் காய்ந்த சாலையில் சுமார் 14 மீட்டரில் வண்டி நிற்கும். இறுகிய பனியில் 50 மீட்டர் வேண்டும். பனிக்கட்டியில் கிட்டத்தட்ட 100 மீட்டர். கால் பிரேக்குக்குப் போய்ச் சேருவதற்குள் ஓடிவிடும் தூரம் இதில் சேரவில்லை. ஒரு நொடி தாமதித்தாலே இன்னொரு 14 மீட்டர். இதே பனிக்கட்டியில் வேகத்தை 30-க்கு இறக்கிவிட்டால் அந்த 100 மீட்டர் 35 மீட்டராகச் சுருங்கிவிடும். நான் மெதுவாகப் போவது இந்த 65 மீட்டருக்காக. ஒரு குழந்தை சாலையைக் கடக்கிறது, ஒரு வண்டி குறுக்கே நின்றுவிட்டது என்றால் எனக்குக் கைகொடுக்கப்போவது அது மட்டும்தான்.

நீங்கள் மூன்று மீட்டரில் ஒட்டிக்கொண்டு வரும்போது அந்த 65 மீட்டரையும் பிடுங்கிக்கொள்கிறீர்கள். எனக்கு எதிரே ஆபத்து வந்தால் நான் பிரேக்கைத் தொடவேண்டும். தொட்டால் நீங்கள் என்மேல் ஏறிவிடுவீர்கள். கண்ணாடியில் உங்களை வைத்துக்கொண்டு பிரேக்கைத் தொட எனக்குத் தைரியம் வருவதில்லை. பனியில் என்னிடம் இருப்பதே மென்மையான பிரேக், மென்மையான ஸ்டியரிங், நிறைய தூரம் என்ற மூன்றும்தான். நெருக்கிப் பிடிப்பவர் அந்த மூன்றையும் ஒரே சமயத்தில் இல்லாமல் செய்துவிடுகிறார்.

தங்கள் வண்டி நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, அதனால் பயமில்லை என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நான்கு சக்கர இழுவை கிளம்புவதற்கும் மேடேறுவதற்கும் உதவும். நிறுத்துவதற்கு உதவாது. எல்லா வண்டிக்கும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. சட்டென்று வேகம் எடுக்க முடிவதால் சாலை நன்றாக இருக்கிறது என்ற தப்பெண்ணம் வேறு வந்துவிடும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக்கும் அப்படித்தான், பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங்கைக் கையில் வைத்துக்கொள்ள உதவும், ஆனால் உதிரிப் பனியில் நிற்கும் தூரம் அதனால் கூடவும் செய்யும். உண்மையில் உதவுவது குளிர்கால டயர். 7 டிகிரிக்குக் கீழே கோடை டயரின் ரப்பர் விறைத்துப்போகிறது. குளிர்கால டயரின் ரப்பர் இளக்கமாகவே இருந்து சாலையைப் பிடிக்கிறது. அதுவும் பிடிமானத்தைக் கூட்டுமே தவிர, காய்ந்த சாலையாக மாற்றித் தராது.

நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். என்னால் உங்களுக்கு எவ்வளவு தாமதம்? 10 கிலோமீட்டரை 50-ல் கடக்க 12 நிமிடம். 40-ல் 15 நிமிடம். மூன்று நிமிடம். வேலைக்கு நேரமாகிவிட்டது, குழந்தையை இறக்கிவிட வேண்டும், மேலாளர் திட்டுவார் என்கிற காலையில் மூன்று நிமிடமும் பெரிதுதான். நானும் அந்தக் காலைகளைப் பார்த்தவன். அதற்கு ஒரே வழி முந்தைய நாள் இரவே வானிலையைப் பார்த்துவிட்டுக் கால் மணி நேரம் முன்னால் கிளம்புவது. சாலையில் ஏறிய பிறகு அந்த நேரத்தைத் தேடினால் கிடைக்காது.

என் பக்கத்திலும் கடமை இருக்கிறது. மெதுவாகப் போகிறவர் என்பதால் எனக்கு எல்லாம் மன்னிக்கப்படும் என்று நான் எண்ணவில்லை. வேகத் தடத்தில் 40-ல் ஊர்ந்து போவது தவறு. முன்கண்ணாடியில் படிந்த பனியில் ஒரு சின்ன ஓட்டையை மட்டும் சுரண்டிவிட்டுக் கிளம்புவது தவறு. கூரையில் பனியோடு கிளம்புவது அதைவிடத் தவறு. பிரேக் போட்டால் அது முன்கண்ணாடியில் சரிந்து பார்வையை மறைக்கும், வேகம் எடுத்தால் பாளமாகப் பெயர்ந்து உங்கள்மேல் வந்து விழும். பின்விளக்கின்மேல் படிந்த பனியைத் துடைக்காவிட்டால் நான் பிரேக் போடுவதே உங்களுக்குத் தெரியாது. இதையெல்லாம் கவனிக்காத மெதுவான ஓட்டுநர்கள் உண்டு. அவர்கள்மேல் உங்களுக்குள்ள கோபம் நியாயமானது.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இடைவெளி. முன்னால் போகும் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைக் கடந்ததும் நொடிக்கு ஒன்றாக எண்ணத் தொடங்குங்கள். காய்ந்த நாளில் நீங்கள் அங்கே வருவதற்குள் மூன்று எண்ண முடிந்தால் போதும். பனியில் எட்டு, பத்து வரை எண்ண முடியவேண்டும்.

நீங்கள் பின்னால் வருவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பனி ஒதுக்கிய அகலமான இடம் ஒன்று எப்படியும் வரும். அங்கே முன்கூட்டியே இண்டிகேட்டர் போட்டு மெதுவாக ஒதுங்கி உங்களுக்கு வழி விடுவேன். அதுவரை பொறுங்கள். கடந்து போகும்போது மட்டும் வேகத்தைச் சட்டென்று ஏற்றாதீர்கள். உங்கள் சக்கரம் வாரி அடிக்கும் பனிச்சேறு என் கண்ணாடி முழுக்க அப்பிக்கொள்கிறது. வைப்பர் அதைத் தள்ளி முடிக்கும்வரை எனக்குச் சாலை தெரிவதில்லை.

இப்படிக்கு,
உங்களுக்கு முன்னால் 40-ல் போய்க்கொண்டிருப்பவன்