ஓடைக்கரையை வழிக்காதீர்கள்: கம்பம் பள்ளத்தாக்கு திராட்சை விவசாயிகளுக்கு ஒரு திறந்த மடல்

கூடலூர், சுருளிப்பட்டி பக்கம் பந்தல் போட்டிருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம்.

மலையடிவார ஓடைகளின் இரண்டு கரையையும் ஜேசிபி விட்டு வழித்துவிடலாம் என்ற பேச்சு ஓடுகிறது. புதர் இருந்தால் பன்றி ஒதுங்குகிறது என்கிறீர்கள். பன்றித் தொல்லை உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புதரில் பிரண்டையும் புளிநரளையும் படர்ந்து கிடக்கின்றன, இரண்டுமே திராட்சைக் குடும்பம், அவற்றின் வேருக்குள் குடியிருக்கும் பூஞ்சையை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பூஞ்சையின் பெயர் வேர் உட்பூசணம், வேம் (VAM) என்று பொட்டலத்தில் விற்கிறார்களே, அதேதான். திராட்சை வேர் தடிமன், வேர்த்தூவிகளும் குறைவு. மணிச்சத்தோ, அதாவது பாஸ்பரஸோ, மண்ணில் ஒட்டிக்கொண்டு நகராத சத்து; வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பது தீர்ந்ததும் கொடி பட்டினிதான். பூஞ்சையின் இழை வேர் நுழையாத இடுக்கெல்லாம் நுழைந்து, பல சென்டிமீட்டர் தள்ளிக் கிடக்கும் மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இலை செய்த சர்க்கரையையும் கொழுப்பையும் கூலியாக வாங்கிக்கொள்கிறது. 40 கோடி வருஷத்துக்கும் மேலாக நடக்கிற ஏற்பாடு இது. நம் பன்னீர் திராட்சையின் காட்டு முன்னோர், மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து காக்கசஸ் வரை ஆற்றங்கரைக் காடுகளில் மரமேறிப் படர்ந்ததும் இந்தத் துணையோடுதான்.

உயிருள்ள வேர் இல்லாமல் இந்தப் பூஞ்சை வளராது. பழைய பந்தலைப் பிடுங்கி, ஆழ உழுது, வெறும் தரையாகப் போட்டுவைத்தால் மண்ணில் மிஞ்சிய பூஞ்சை வித்துகள் நாளாக ஆகக் குறையும். மண்ணுக்கு அடியிலேயே உருவாகிற வித்து, காற்றில் லேசில் பரவாது. அப்போது பக்கத்தில் எங்கேயாவது அது உயிரோடு இருக்க வேண்டும், நமக்கு அந்த இடம் ஓடைக்கரை. பிரண்டை வேரில் இருப்பது திராட்சைக்குச் சேருமா? பெரும்பாலும் சேரும், இவை ஆள் பார்த்துச் சேர்கிறவை அல்ல. சோளம், துவரை, தட்டைப்பயறு எதிலும் குடியேறும். கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ் குடும்பத்தில்தான் தங்காது. ஆகவே புது நடவுக்கு முன் நிலம் சும்மா கிடக்கும்போது தட்டைப்பயறையாவது விதையுங்கள்.

அப்புறம் டிஏபி, மணிச்சத்து நிறைந்த அந்த உரம். மண்ணில் மணிச்சத்து நிறைந்து கிடந்தால் கொடி பூஞ்சையை வேரில் அவ்வளவாக அண்டவிடாது. வேம் பொட்டலத்தைக் காசு கொடுத்து வாங்கி, அதே குழியில் டிஏபியையும் அள்ளிப் போடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அடிச்சாம்பல் நோய்க்கு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிக்காமல் முடியாது, சரி. ஆனால் அதிலுள்ள தாமிரம் எங்கும் போகாமல் மேல்மண்ணிலேயே சேர்கிறது, அதுவும் இந்தப் பூஞ்சைக்கு ஆகாது.

2023-ல் நம் பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது இந்த மண்ணுக்கும் சேர்த்துக் கிடைத்த பெயர்.

கரையை விட்டுவிடுங்கள். பன்றிக்கு வரப்போரம் வேலி போடுவதாக இருந்தால் என் பங்கைத் தருகிறேன். மண் பரிசோதனையில் மணிச்சத்து அதிகம் என்று வந்தவர்கள், அடுத்த கவாத்துக்கு ஒரு பந்தலில் மட்டுமாவது டிஏபியை நிறுத்திப் பாருங்கள். ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்தாரையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள், அவர்களிடம் காட்டக் கரை மண்ணை நானே வெட்டி எடுத்து வருகிறேன்.