கிளிநொச்சிப் பொறியியல் பீட ஆசிரியர்களுக்கு: எங்கள் குளங்களுக்கு ஒரு சின்ன இலத்திரனியல் சுற்று

அறிவியல் நகர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தின் மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடும் பிள்ளைகளிடம் ஒரு வேலையை ஒப்படைக்கும்படி கேட்டு இதை எழுதுகிறேன். வன்னிக் குளங்களின் நீர்மட்டத் தரவைச் சுருக்கும் சுற்று ஒன்றை, சுற்றுகளை விவரிக்கும் மொழியான வெரிலொக்கில் எழுதி, விரும்பிய சுற்றாக அமைத்துக்கொள்ளக்கூடிய எப்.பி.ஜி.ஏ. சில்லில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எவ்வளவு சிறிதாக முடியுமோ அவ்வளவு சிறிதாக.

குளக்கட்டில் வைக்கும் கருவிக்குச் சூரியத் தகடும் ஒரு பற்றரியும்தான் துணை. மாரியில் நாட்கணக்காக வெயில் இராது. அந்த நாட்களில்தான் நீர்மட்டம் எங்களுக்கு உடனுக்குடன் தெரியவேண்டும். அளப்பதற்குப் போகும் மின்சாரம் கொஞ்சம். வானொலியில் அனுப்புவதுதான் பற்றரியைக் குடிக்கிறது.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 16 பிட்டில் அளந்தால் நாளொன்றுக்கு 288 பைட். குறைந்த மின்சாரத்தில் தூரத்துக்கு அனுப்பும் லோரா வானொலியின் ஒரு பொதியில், அதாவது ஒரே தடவையில் அனுப்பும் தரவுக் கட்டில், 255 பைட்டுக்கு மேல் ஏறாது. ஆனால் குளம் நிரம்பி வான் பாயாத நாளில் பத்து நிமிடத்துக்குள் குளம் எவ்வளவு மாறிவிடும்? அலையை வடிகட்டிவிட்டால் மாற்றமே இராது, மிஞ்சினால் ஒரு சென்ரிமீற்றர். எனவே முந்திய அளவிலிருந்து உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதினால் போதும். வித்தியாசம் 0 என்றால் 0, ஒன்று குறைந்தால் 1, ஒன்று கூடினால் 2 என்று மாற்றி, அதை, சிறிய எண்ணுக்குக் குறைந்த பிட் கொடுக்கும் ரைஸ் குறியீட்டில் எழுதிப் பாருங்கள்: இரண்டால் வகுத்து, மீதியான கடைசி ஒரு பிட்டைத் தனியே வைத்து, ஈவு எத்தனையோ அத்தனை 1களும் முடிவில் ஒரு 0வும். 16 பிட் இருந்த இடத்தில் 2 அல்லது 3 பிட் நிற்கும். முழு நாளும் 56 பைட்டுக்குள் அடங்கும்.

இதற்கு வேண்டிய சுற்றைப் பாருங்கள்: முந்திய அளவை வைத்திருக்க ஒரு பதிவகம், ஒரு கழிப்பான், ஒரு எண்ணி, பிட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ள ஒரு நகர்வுப் பதிவகம். வகுப்பதற்கென்று தனிச் சுற்றுக் கூட வேண்டாம். இரண்டின் அடுக்கால் வகுப்பதென்றால் கீழ்ப் பிட்டுகளை வேறு கம்பியில் எடுப்பதுதான். கணினியின் ஸிப் (.zip) கோப்புகளில் உள்ள டிஃப்ளேட் சுருக்க முறையோ 32 கிலோபைட் வரை பின்னோக்கித் தேடுவது. அந்த நினைவகமே இந்தச் சுற்றை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் ரொபேர்ட் ரைஸ் 1979இல் ரைஸ் குறியீட்டை முன்வைத்ததும் விண்கலங்களுக்காகத்தான். அங்கும் மின்சாரம் குறைவு, வானொலி நேரம் குறைவு.

கடினமான பகுதி வெள்ளம். மட்டம் 20 சென்ரிமீற்றர் ஏறினால் அதே குறியீடு 22 பிட்டாக வீங்கும், சுருக்காமல் அனுப்பியதை விட மோசம். ஆகவே ஓர் எல்லைக்கு மேலே போனால் முழு அளவையே அனுப்பும் வழி சுற்றுக்குள் இருக்கவேண்டும். ஒரு பொதி தொலைந்தால் அடுத்ததும் கெடாதபடி, ஒவ்வொரு பொதியும் முழு அளவோடு தொடங்கவேண்டும். பிள்ளைகள் மூளையைச் செலவழிக்க வேண்டியது இங்கேதான்.

மைக்ரோகொன்ட்ரோலர் என்ற சிறு கணினிச் சில்லில் சில வரி நிரல் எழுதினால் போதாதா என்று கேட்பார்கள். ஒரு நீர்மட்டக் கருவிக்குப் போதும், மறுக்கவில்லை. நாளை கட்டின் அதிர்வை நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அளக்க வேண்டி வந்தால், செயலி தூங்க, சுற்று மட்டும் விழித்திருக்கவேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் இங்கேயே இருக்கவேண்டும் என்பது என் ஆசை. வெரிலொக்கைச் சுற்றாக மாற்றும் யோசிஸ் போன்ற திறந்த மென்பொருள்கள் இலவசம். ஐஸ்40 யூபி5கே போன்ற சிறு எப்.பி.ஜி.ஏ.யில் சுற்றைக் கட்டும் சிறு அலகுகளான தர்க்கக் கலங்கள் 5,280 உண்டு. பிள்ளைகளின் சுற்று அதில் எத்தனையைப் பிடித்தது என்பதற்கும் புள்ளி போடுங்கள். சுருக்க விகிதத்துக்கு மட்டும் போடாதீர்கள்.

நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் பழைய நீர்மட்டப் பதிவுகளைப் பீடத்தின் பெயரில் கேட்டு வாங்குங்கள். மாணவர் தனியே போய்க் கேட்பதை விட நீங்கள் எழுதும் கடிதத்துக்குப் பலம் அதிகம். இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறக்கப்பட்ட 2018 டிசெம்பர்ப் பதிவு கிடைத்தால் அதையே முதற் சோதனைக்குக் கொடுங்கள். விரித்தெடுத்த தரவு மூலத்தோடு பிட்டுக்குப் பிட் ஒத்துப்போகவேண்டும்.

இப்படிக்கு,
கண்டாவளையிலிருந்து ஓர் இலத்திரனியல் தொழிலாளி